போச்சாது விடு

போன மாசம் மறுபடியும் அந்த மெயில் வந்துச்சு. பணியிட வன்முறைத் தடுப்புப் பயிற்சியை இன்னும் 14 நாளுக்குள்ள முடிக்கணுமாம். வருஷா வருஷம் வர்றதுதான். நான் கலிஃபோர்னியால ஒரு யூனிவர்சிட்டில லேப் மேனேஜர், எந்த யூனிவர்சிட்டின்னு சொல்லப்போறதில்ல, ஏன்னு படிச்சா உங்களுக்கே புரியும். ஃப்ரீசர் அலாரம் அடிச்சா ஓடறது, கெமிக்கல் கணக்கு எழுதறது, புதுசா வர்ற பசங்களுக்கு கண்ணாடி போடு கையுறை போடுன்னு கத்தறது, இதுதான் பொழப்பு. முதல் வருஷம் இந்த பயிற்சியை வீட்லதான் முடிச்சேன், ஒரு கையில தோசைக்கரண்டி இன்னொரு கையில மவுஸ், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டி கடைசில பத்துக்கு பத்து மார்க். என்ன படிச்சேன்னு கேட்டிருந்தா ஒண்ணும் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

இந்த தடவை உக்காந்து நிதானமா படிச்சேன். நடுவுல நடந்த கதை அப்படி.

மொதல்ல இந்த பயிற்சி எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். 2021 மே 26ந்தேதி சான் ஹோசேல விடிஏன்னு ஒரு போக்குவரத்துக் கழகம், அதோட ரயில் யார்டுல அங்கயே வேலை பாத்த ஆள் துப்பாக்கியோட வந்து கூட வேலை பாத்தவங்க 9 பேரை சுட்டுக் கொன்னுட்டான். அந்தப் பக்கத்து செனட்டர் டேவ் கோர்டீஸ் அதுக்கப்பறம் கொண்டு வந்த சட்டம்தான் எஸ்.பி. 553. 2023 செப்டம்பர்ல கவர்னர் கையெழுத்து போட்டாரு, 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறை. கலிஃபோர்னியால ஏறக்குறைய எல்லா முதலாளியும் எழுத்துல ஒரு திட்டம் வெச்சிருக்கணும், ஆளுங்களுக்கு வருஷா வருஷம் சொல்லித்தரணும், நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு பதிவேட்டுல எழுதி 5 வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். சொன்னவங்க மேல பழி வாங்கக் கூடாதுன்னும் இருக்கு. அப்பறம் முக்கியமா, இதுல வன்முறைன்னா அடிதடி மட்டும் இல்லைங்க, மிரட்டலும் சேர்த்திதான். ஒரு அடி கூட விழாமலேயே அது "சம்பவம்" ஆயிரும்.

நாலு வகையா பிரிச்சிருக்காங்க. சம்பந்தமே இல்லாத ஆள் திருட கிருட உள்ள வந்து பண்றது ஒண்ணாவது. நாம யாருக்கு வேலை பாக்கறோமோ அவங்க, எங்களுக்குன்னா மாணவங்க, வர்றவங்க போறவங்க, அது ரெண்டாவது. கூட வேலை பாக்கறவங்க இல்லாட்டி முன்ன பாத்தவங்க மூணாவது. வேலைக்கு சம்பந்தமில்லாம நம்ம சொந்த வாழ்க்கைல இருந்து துரத்திட்டு வர்ற ஆள், புருஷனோ பழைய காதலனோ, அது நாலாவது. படிக்கறப்போ பரீட்சைக் கேள்வி மாதிரிதான் இருக்கும். நம்ம மாடில நடக்கறப்போதான் மூணாவது வகைக்கு ஒரு முகம் வரும்.

கதைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்தி சொல்லணும். நான் கோபிக்காரி. கோபிச்செட்டிபாளையத்தை ஒட்டியே கரட்டடிபாளையம்னு ஒரு ஊர், அங்க பொறந்தவரு பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோயமுத்தூர் பிஎஸ்ஜி டெக்ல படிச்சு, ஐஐடி கான்பூர் போயி, அப்பறம் அமெரிக்கா வந்து பர்டூ யூனிவர்சிட்டில பிஎச்.டி முடிச்சு, வர்ஜினியா டெக் யூனிவர்சிட்டில இருபத்தஞ்சு வருஷம் தண்ணியைப் பத்தி பாடம் நடத்துனவரு. ஹைட்ராலஜி. 2007 ஏப்ரல் 16 காலைல நாரிஸ் ஹால்ல 206ஆம் நம்பர் ரூம்ல வகுப்பு எடுத்துட்டு இருந்தப்போ அங்கயே படிச்ச மாணவன் ஒருத்தன் துப்பாக்கியோட வந்து ஆடுன வெறியாட்டத்துல செத்துப் போனாரு, 53 வயசு. அவரோட வகுப்புல மட்டும் 9 மாணவங்க போயிட்டாங்க. மொத்தம் 32 பேர். எங்க ஊர்ல அன்னைக்கு டீக்கடை டீக்கடையா இதே பேச்சு, எங்க அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு "பாடஞ் சொல்லிக் குடுக்கற எடத்துல எப்படி ஆயா இப்படி"ன்னு கேட்டாரு, எனக்கு பதில் தெரியல. அப்ப நான் காலேஜ்ல இருந்தேன்.

அதுக்கு பல வருஷம் கழிச்சு, இங்க வேலைக்கு சேர்ந்தப்பறம்தான், அந்த விசாரணைக்குழு என்ன கண்டுபிடிச்சுச்சுன்னு தேடிப் படிச்சேன். படிச்சு முடிச்சு ரெண்டு நாள் மனசே சரியில்ல. ஏன்னா அந்தப் பையனைப் பத்தி யாருக்குமே தெரியாம ஒண்ணும் இல்ல. 2005லயே ஆங்கிலத் துறைல கவிதை வகுப்பு எடுத்த நிக்கி ஜியோவானி அவனை வெச்சுக்கிட்டு என்னால பாடம் நடத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. துறைத் தலைவரா இருந்த லூசிண்டா ராய் தானே அவனுக்கு தனியா பாடம் எடுத்தாங்க, அங்க இங்கன்னு நாலு எடத்துல தகவல் சொன்னாங்க. பொண்ணுங்க புகார் குடுத்ததால கேம்பஸ் போலீஸுக்கு அவனைத் தெரியும். ஹாஸ்டல்ல தெரியும். அந்த டிசம்பர்லயே ஒரு நீதிபதி, இவனால இவனுக்கே ஆபத்து, வெளி நோயாளியா சிகிச்சை எடுக்கணும்னு உத்தரவு போட்டிருக்காரு. உத்தரவு காகிதத்துலயே நின்னுருச்சு. அவங்கவங்க கையில ஒரு துண்டு, எல்லாத்தையும் ஒரே மேசைல பரப்பிப் பாக்கற ஆள்தான் இல்ல. மாணவரோட தனியுரிமைச் சட்டம் பேச விடாதுன்னு தப்பா நெனச்சுக்கிட்டு ஆளாளுக்கு வாயை மூடிட்டு இருந்திருக்காங்க, அந்தச் சட்டத்துலயே ஆபத்துன்னா சொல்லலாம்னு வழி இருக்கு. சுட்டதுக்கு அடுத்த வருஷமே, 2008ல, வர்ஜினியால அரசு யூனிவர்சிட்டிகள் எல்லாம் த்ரெட் அசெஸ்மென்ட் டீம், அதாவது மிரட்டலை எடைபோட்டு என்ன பண்ணணும்னு பாக்கற குழு, வெச்சிருக்கணும்னு சட்டம் வந்துச்சு. இன்னைக்கு அமெரிக்கால ஏகப்பட்ட கேம்பஸ்ல இருக்கற அந்த டீமுக்கெல்லாம் அந்த நாள்தான் காரணம். போலீஸ், கவுன்சலர், எச்.ஆர்., வக்கீல், மாணவர் நலன் எல்லாரும் ஒரே மேசைல உக்கார்றாங்க.

இவ்வளவும் படிச்சவதான் நான். படிச்சுட்டும் என்ன பண்ணுனேன்னு கேளுங்க.

2024 கடைசி. எங்க மாடில ஒரு டெக்னீஷியன் இருந்தாரு, நாப்பது வயசு இருக்கும், வேலைல கெட்டிக்காரர்தான். ஆராய்ச்சிக்கு வந்த கிராண்ட் பணம் தீர்ந்து அவர் வேலையை நீட்டிக்கல. போனாரு. போனவரு ரெண்டு வாரத்துல திரும்ப வந்தாரு. சாமான் எடுக்கன்னாரு. அப்பறம் இன்னொரு நாள் வந்தாரு. கீ கார்டு வேலை செய்யுது, யாரும் நிறுத்தல. ஒருநாள் சாயங்காலம் மைனஸ் 80 ஃப்ரீசர் இருக்கற நீள வராண்டால நான் தனியா சாம்பிள் எண்ணிட்டு இருந்தேன், அந்த ஃப்ரீசர் சத்தத்துல பின்னால யார் வந்தாலும் கேக்காது. திரும்புனா கதவுக்கிட்ட நிக்கறாரு. எவ்வளவு நேரமா நின்னாருன்னு தெரியல. எம்பேரைச் சொல்லி, "நீயும் அவங்க கூடத்தான"ன்னாரு. அவ்வளவுதான். கதவை எட்டி ஒரு உதை உட்டுட்டு போயிட்டாரு. கதவோட கீழ்ப்பக்கம் தகடு உள்ள போயிருச்சு, இன்னும் அந்தக் குழி அங்கதான் இருக்கு.

நான் யார்கிட்டயும் சொல்லல. கார்ல உக்காந்து பத்து நிமிஷம் கை நடுங்குச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "போச்சாது விடு கண்ணு. பாவம் வேலை போன கடுப்புல பேசியிருப்பான். நீ போயி ஏதாச்சும் எழுதிக் குடுத்து அவன் பொழப்பு கெட்டா அந்தப் பாவம் நமக்கெதுக்கு"ன்னாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. கொங்குநாட்டுல பொறந்தவங்களுக்கு தெரியும், போச்சாதுங்கற சொல்லுல, போனாப் போகுது விடுங்கறதுல, என்னென்ன அடங்கும்னு. பால் கொட்டுனாலும் போச்சாது, பத்தாயிரம் ரூவா ஏமாந்தாலும் போச்சாது. அந்தப் பெருந்தன்மைல வளர்ந்த ஆளுக்கு இன்னொருத்தரைப் பத்தி ஃபாரம் எழுதறது காட்டிக்குடுக்கற மாதிரிதான் இருக்கும். அதுபோக என் எச்1பி வேலை விசா புதுப்பிக்கற நேரம் வேற. பேரு எங்கயும் அடிபடாம இருந்தா போதும்னு இருந்தேன், இதை எழுத இப்பக்கூட கூச்சமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் நெசம்.

ஒரு வாரம் கழிச்சு மதியம் மைக்ரோவேவ் முன்னாடி வரிசைல நிக்கறோம். எனக்கு முன்னாடி ஸ்டாக்ரூம்ல வேலை பாக்கற மெக்சிகோக்கார அக்கா, அவங்க சாப்பாடு சூடாயிட்டு இருக்கு. சும்மா பேச்சு வாக்குல, அவரு இன்னும் வர்றாரு பாத்தியான்னு கேட்டாங்க. நான் ஆமான்னேன். அவங்க குரலைக் குறைச்சு, போன திங்கக்கிழமை ஸ்டாக்ரூம் ஜன்னல் வழியா புரொபசர் எத்தனை மணிக்கு வர்றாரு, காரை எங்க நிறுத்தறாருன்னு விசாரிச்சாருன்னாங்க. எங்களுக்குப் பின்னால ஒரு பிஎச்.டி பையன், சீனாக்காரன், வாயே திறக்காத பையன், அவன் போனை எடுத்துக் காட்டறான். ராத்திரி 2.17க்கு வந்த மெயில். "எல்லாரும் பாக்கப் போறீங்க." அந்த மாதிரி ஆறு மெயில், அவனுக்கு மட்டும். டிலீட் பண்ணலாம்னு இருந்தானாம்.

மைக்ரோவேவ் பீப் பீப்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, யாரும் கதவைத் திறக்கல. மூணு பேர் கையிலயும் ஒவ்வொரு துண்டு. வர்ஜினியா டெக் பத்தி அவ்வளவு படிச்சும், அந்தத் துண்டுல ஒண்ணை நானே ஒரு வாரம் பாக்கெட்ல போட்டுட்டு சுத்தியிருக்கேன்.

அன்னைக்கே மூணு பேரும் எங்க கேம்பஸ்ல இருக்கற அந்த மாதிரி டீமுக்கு தனித்தனியா எழுதுனோம். எழுதறதுல நான் கத்துக்கிட்டதை இங்க விவரமா சொல்றேன், பயிற்சில இதை ஒரே வரில தாண்டிடறாங்க. என்னோட முதல் டிராஃப்ட்: "அவர் ரொம்ப கோபமாக இருந்தார், எனக்கு பயமாக இருந்தது, அவர் ஏதாவது செய்துவிடுவார் என்று தோன்றுகிறது." அந்த டீம்ல இருந்து போன்ல பேசுனவங்க பொறுமையா கேட்டாங்க, கோபம்னு எதை வெச்சு சொல்றீங்க, என்ன பண்ணுனாரு, என்ன வார்த்தை சொன்னாரு? ரெண்டாவது டிராஃப்ட்: செவ்வாய்க்கிழமை, மாலை 6.40, மூணாவது மாடி ஃப்ரீசர் வராண்டா. வேற யாரும் இல்ல. சொன்ன வார்த்தை அப்படியே மேற்கோள்ல. கதவை வலது காலால ஒரு தடவை உதைச்சாரு, தகடு குழிஞ்சிருக்கு, போட்டோ இருக்கு. எனக்கு பயமா இருந்துச்சுங்கறதை கடைசில தனியா எழுதுனேன், அதையும் எழுதச் சொன்னாங்க. பாத்தது வேற, நெனச்சது வேற. அந்தப் பையன்கிட்ட மெயிலுக்கு பதிலே போடாத, ஆனா ஒண்ணையும் அழிக்காதன்னாங்க. உடனடி ஆபத்துன்னா ஃபாரம் கீரம் எல்லாம் அப்பறம், மொதல்ல 911, இங்க போலீஸைக் கூப்பிடற அவசர நம்பர். ஃபாரம் போட்டுட்டு பதிலுக்கு காத்திருக்கற ஆளுங்களும் இருக்காங்க, அதான் சொல்றேன்.

என்ன ஆச்சுன்னா, சினிமா மாதிரி ஒண்ணும் ஆகல. கார்டை அன்னைக்கே நிறுத்துனாங்க, அவர் போயி ஏழு வாரம் கழிச்சு! அதை முதல் நாளே யாராச்சும் பண்ணியிருந்தா பாதிக் கதை நடந்திருக்காது, அதுக்கு ஒரு சட்டமும் தேவையில்ல, ஒரு செக்லிஸ்ட் போதும். புரொபசரோட பார்க்கிங்கை மாத்துனாங்க. டீம்ல இருந்து ஒருத்தர் அந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பேசுனதா மட்டும் சொன்னாங்க, என்ன பேசுனாங்கன்னு சொல்ல மாட்டாங்க. கைது இல்ல, கேஸ் இல்ல. அவர் பொழப்பு எங்களால கெடல, வேற எங்கயோ வேலைல சேர்ந்துட்டதா காதுல விழுந்துச்சு. அம்மாகிட்ட சொன்னப்போ "அப்ப சரி"ன்னாங்க.

ஆனா சொல்லிட்டா எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்ல வரல. அரிசோனா யூனிவர்சிட்டி கதை தெரியுமா? 2022 அக்டோபர் 5, டூசான். தாமஸ் மெய்க்ஸ்னர்னு ஒரு பேராசிரியர், அவரும் ஹைட்ராலஜிதான், துறைத் தலைவர். அந்த துறையோட முன்னாள் மாணவன் ஒருத்தன் பல மாசமா மிரட்டிட்டு இருந்தான். அங்க யாரும் போச்சாதுன்னு விடல. திரும்பத் திரும்ப சொன்னாங்க, மெயிலை எல்லாம் காட்டுனாங்க, அவனை கேம்பஸ்குள்ள வரக்கூடாதுன்னு தடை கூட போட்டிருந்தாங்க, போட்டோவை துறை ஆளுங்களுக்கு அனுப்பியிருந்தாங்க. அன்னைக்கு அவன் கட்டடத்துக்குள்ள இருக்கறதைப் பாத்து 911க்கு போனும் பண்ணிட்டாங்க. போலீஸ் வந்து சேர்றதுக்குள்ள மெய்க்ஸ்னரை சுட்டுட்டான். அப்பறம் வெளி ஆளுங்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணி, யூனிவர்சிட்டி எங்கெங்க கோட்டை விட்டுச்சுன்னு அறிக்கை வந்துச்சு. குடும்பத்துக்கு 25 லட்சம் டாலர் குடுத்தாங்க. 2024ல அவனுக்கு ஆயுள் தண்டனை. அதனால "பாத்தா சொல்லுங்க"ன்னு பயிற்சில கொட்டை எழுத்துல போடறப்போ எனக்கு கொஞ்சம் எரிச்சலாவே வருது. கேட்டவங்க என்ன பண்ணணும்ங்கறது எந்த ஸ்லைட்ல இருக்கு?

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க பேசத் தயங்கற விஷயம். 2016 ஜூன் 1, லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யூ.சி.எல்.ஏ. யூனிவர்சிட்டி, அங்க இஞ்சினியரிங் கட்டடத்துல வில்லியம் க்ளக்னு ஒரு புரொபசரை சுட்டுக் கொன்னு தன்னையும் சுட்டுக்கிட்டவன் ஐஐடில படிச்ச இந்தியன், அவர்கிட்டயே பிஎச்.டி பண்ணுனவன். அதுக்கு முன்னாடி மினசோட்டால தன் மனைவியையும் கொன்னிருக்கான். "நல்லாப் படிக்கற அமைதியான பையன்"னு நம்ம வாட்சப் குரூப்ல சொல்றோமே, அந்த வார்த்தைக்கு இந்த விஷயத்துல ஒரு மதிப்பும் இல்ல. அதே சமயம் அமைதியா, ஒதுங்கி, இங்கிலீஷ் சரியா வராம இருக்கற வெளிநாட்டுப் பையனை எல்லாம் சந்தேகமா பாக்க ஆரம்பிச்சா அது வேற கொடுமை. விசித்திரமா இருக்கறது குத்தம் இல்ல. குறிப்பிட்ட ஆளைக் குறி வெச்சுப் பேசறது, நேரம் எடம் விசாரிக்கறது, ஆறு மெயில் போடறது, அது விஷயம். அன்னைக்கு யூ.சி.எல்.ஏ.ல பல ரூம்ல கதவை உள்ள இருந்து பூட்ட வழியில்லாம பசங்க பெல்ட்டையும் ஒயரையும் வெச்சு கட்டி, மேசைய இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாங்க, போட்டோ எல்லாம் வந்துச்சு. நாரிஸ் ஹால்லயும் லோகநாதன் வகுப்புக்கு எதிர்ப்பக்கம் 205ல பசங்க மேசைய கதவுக்கு அண்டக் குடுத்துப் புடிச்சுக்கிட்டதுல அந்த ரூம்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நான் இப்ப புது ரூம்ல நுழைஞ்சா மொதல்ல கதவு உள்பக்கம் திறக்குதா வெளிப்பக்கமான்னு பாக்கறேன். உங்க ரூமையும் ஒருதடவை பாத்துக்கங்க.

நாலாவது வகை பத்தி ஒரு வார்த்தை, இது பொண்ணுங்களுக்கு. வீட்ல அடி வாங்கறது வீட்டு விஷயம்னு நாம வேலை எடத்துல மூச்சு விட மாட்டோம். பிரிஞ்சு போனப்பறம் அவனுக்கு உங்க புது வீடு தெரியாம இருக்கலாம், ஆனா எந்தக் கட்டடத்துல எத்தனை மணிக்கு நீங்க இருப்பீங்கன்னு தெரியும். கோர்ட்ல தடை உத்தரவு வாங்கியிருந்தா ஒரு காப்பி கேம்பஸ் போலீஸ்கிட்ட குடுங்க. கலிஃபோர்னியால ஊழியருக்காக வேலை குடுத்தவங்களே கோர்ட்டுக்குப் போயி தடை உத்தரவு கேக்கலாம், நீங்க ஒத்தை ஆளா நிக்க வேண்டியதில்ல. விசாவுல இருக்கறவங்களுக்கும் இந்தச் சட்டம் அப்படியே பொருந்தும். எனக்கு அன்னைக்கு அது தெரிஞ்சிருந்தும் பயந்தேன்ங்கறது வேற கதை.

சரி, இந்த வருஷப் பயிற்சிக்கு வர்றேன். இந்த தடவை ஆன்லைன் முடிச்சப்பறம் நேர்லயும் ஒரு மணி நேரம் வெச்சிருந்தாங்க. கேள்வி இருக்கான்னாங்க. சம்பவப் பதிவேட்டை நான் பாக்கலாமான்னு கேட்டேன். ரூம்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஊழியர் கேட்டா 15 நாளுக்குள்ள காட்டணும்னு சட்டத்துலயே இருக்கு. ஒன்பதாவது நாள் மெயில்ல வந்துச்சு.

அதுல யார் பேரும் இருக்காது, இருக்கவும் கூடாது. தேதி, நேரம், எடம், என்ன வகை, என்ன நடந்துச்சு, என்ன பண்ணுனாங்க, அவ்வளவுதான். தேடிப் புடிச்சேன். வகை 3. மிரட்டல். கட்டடத்துக்குள்ள, மூணாவது மாடி வராண்டா. பொருள் சேதம்: கதவு. காயம்: இல்ல. அந்தக் கட்டத்துல நாலு வரி. கார்ல உக்காந்து நடுங்குனது, அம்மாவோட பேசுனது, மைக்ரோவேவ், எல்லாம் அந்த நாலு வரிக்குள்ள.

அதுக்கு மேல இன்னொரு பதிவு இருந்துச்சு. அதே மாடி, அதே வகை 3, முன்னாள் ஊழியர், வாய்மொழி மிரட்டல். தேதி எங்களோடதுக்கு மூணு வாரம் முன்னாடி. என்ன பண்ணுனாங்கங்கற கட்டத்துல "மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்கப்பட்டது"ன்னு மட்டும் போட்டிருக்கு.

எங்க மூணு பேர்ல யாரும் அதை எழுதல, கேட்டுட்டேன். இப்ப தினமும் மதியம் மைக்ரோவேவ் வரிசைல நிக்கறப்போ முன்னாடி பின்னாடி ஒவ்வொருத்தர் முகத்தையும் பாக்கறேன்.